வலது முன்சக்கரம்

முடிச்சூர் சாலையில் மேடு என்று எதுவும் இல்லை. ஆனாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மேட்டில் ஏறுவதுபோலத் தயங்கியது. அயூப் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். கியர் சரியா, ஹேண்ட் பிரேக்கை இறக்கினோமா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. நனைந்த சாக்கு கருகுவதுபோல ஒரு நாற்றம் மட்டும் அவன் பக்கத்துச் சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

இடது இருக்கையில் அவன் தங்கை சபீஹா கால்களை மடக்கி மேலே வைத்து, டேஷ்போர்டில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்திருந்தாள். மத்தியானம் தொடங்கிய இழுப்பு மழை வலுக்க வலுக்கக் கூடிவிட்டது. மூச்சிழுக்கும் பஃப் காலி. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்று எந்த ஆட்டோவும் வரவில்லை. கடைசியில் தான் வேலை செய்யும் டைல்ஸ் கடையின் பழைய மினி லாரியைக் கேட்டு எடுத்துவந்திருந்தான். தாம்பரம் ஆஸ்பத்திரிவரை போய்விட்டால் போதும். அவளுடைய ஒவ்வொரு மூச்சும் நெஞ்சுக்குள் சன்னமாக விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது. சக்கரத்தின் ‘சர்... சர்...’ உரசலும் அதே தாளத்தில் கேட்பதை அவன் கவனிக்காமலிருக்க முயன்றான்.

“உன் லாரி... நடந்து வருதுண்ணா.”

“பேசாத. மூச்சு வாங்கும்.”

“மெக்கானிக் ஈவினிங் கிளாஸ்ல... இதான் சொல்லிக் குடுத்தாங்களா?”

வண்டி நின்றேவிட்டது.

இருபுறமும் மனைகள். தண்ணீருக்குள் வரிசையாக எல்லைக் கற்கள், தவளைச் சத்தம், கரண்ட் போன தெருவிளக்குகள். செல்போனும் அணைந்திருந்தது. இருட்டத் தொடங்கிய வானத்தின் கீழ் அவன் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் அருகே கையை நீட்டினான். சூடு முகத்தில் அடித்தது. மழைத்துளிகள் பிரேக் டிஸ்க்கில் விழுந்து சீறின.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தான். ஜாக்கி போட்டுத் தூக்கினான். இரண்டு கையாலும் திருகியும் சக்கரம் அசையவில்லை. வகுப்பில் சொன்ன வரிசையை மனதுக்குள் ஓட்டினான். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இறுகியிருக்கலாம், அல்லது மிதித்த அழுத்தம் திரும்பிப் போகாமல் ஆயில் ஹோஸ் அடைத்திருக்கலாம். பிரேக்கில் காற்று எடுக்கும் நட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். கீழே படுத்து ஸ்பேனரைப் போட்டான். கறுத்த பிரேக் ஆயில் பீய்ச்சி மணிக்கட்டில் வழிந்தது. சக்கரம் லேசாகச் சுழன்றது.

அப்பாடா. ஹோஸ்தான். நட்டை இறுக்கினான்.

சக்கரம் மறுபடி பிடித்துக்கொண்டது.

அப்படி நடக்காது. ஒருமுறை அழுத்தம் போய்விட்டால், யாராவது பெடலை மிதிக்காமல் மறுபடி பிடிக்காது.

“சபீஹா, பிரேக்க மிதிச்சியா?”

“நானா? என்... கால் மேலதான இருக்கு.”

தப்பாகப் பார்த்தோமோ என்று மறுபடி திறந்தான். ஆயில் ஒழுகவில்லை. துடித்தது. ஒரு தள்ளல், ஒரு நிறுத்தம், இன்னொரு தள்ளல். பட்டறையில் இந்தக் காற்று எடுக்கும் வேலையை இரண்டு பேராகத்தான் செய்வார்கள். கீழே படுத்திருப்பவன் ‘மிதி’, ‘புடி’, ‘விடு’ என்று குரல் கொடுப்பான். மேலே உட்கார்ந்திருப்பவன் அதன்படி பெடலை மிதிப்பான். ‘விடு’ என்ற சொல் வராமல் அவன் காலை எடுக்கக் கூடாது.

மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் மெல்ல முனகியது.

“விடு,” என்றான்.

சக்கரம் சுழன்றது.

நட்டை இறுக்கினான். ஜாக்கியை இறக்கினான். கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தான். சீட்டில் யாரும் இல்லை. சபீஹாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“போண்ணா... போ...”

என்ஜின் பிடித்தது. அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் பிரேக்கைத் திறந்து மூடினால் ஒருமுறை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது பாடம். பாடத்தை மீற அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை. மிதித்தான்.

“புடி,” என்றது கீழிருந்து ஒரு குரல்.

அவனுடைய சொந்தக் குரல்.

காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பாதம் பெடலோடு ஒட்டிக்கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குனிந்து பார்த்தான்.

முன்சக்கரத்தின் அருகே சேற்றில் இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. ஆயில் கறை படிந்த அதே பேண்ட். அதே ரப்பர் செருப்பு.

“விடுன்னு சொல்லு! டேய், சொல்லுடா!”

உள்ளே விசில் சன்னமானது. இன்னும் சன்னமானது.

“சபீஹா. இங்க பாரு. சபீஹா!”

விசில் நின்றது.

மழை. என்ஜின். அவன் கால் பெடலில்.

கீழே ஸ்பேனர் நட்டைத் தேடி மெதுவாக உரசியது. திறந்தது. இறுக்கியது. கொஞ்சம் யோசித்தது. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்ற சந்தேகத்தோடு, எந்த அவசரமும் இல்லாமல், மறுபடி முதலிலிருந்து திறந்தது.