பெரட்டுக்கு வந்தவள்

அன்று காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், அங்கம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"பூவம்மா!" என்று தங்கராஜா கங்காணி பேர் கூப்பிட்டார். இன்னும் விடியவில்லை. தெமோதரைப் பக்கத்து மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கங்காணியின் கையிலிருக்கும் லாந்தர் தெரியும், கங்காணி தெரியமாட்டார். பெண்கள் எல்லாரும் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஈரக் கம்பளியின் நாற்றமும் கொழுந்துக் கூடையின் புளித்த வாடையுமாக வரிசையில் நின்றார்கள். அங்கம்மா தலையைக் குனிந்து, தொண்டையை இறுக்கி, மகளின் குரலை எடுக்கப் போனாள். அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ, "வந்திருக்கேங்க" என்றார்கள்.

கங்காணி அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் கடைசி ஆள் அவள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் வாய்க்காலும், அதற்கப்பால் தேயிலையும்தான் இருந்தன.

பூவம்மா அவளுடைய மகள். செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது! சீமையில் பெரிய சண்டை முடிந்தால் நல்ல காலம் பிறக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முடிந்து இரண்டு வருஷத்தில் வந்தது பஞ்சம். லண்டனில் தேயிலை வாங்க ஆளில்லையாம். ஸ்டோரில் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ரங்கூன் அரிசி வருவதும் நின்றுபோனது. அப்போதுதான் துரை ஒரு சட்டம் போட்டார். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒவ்வொரு காம்பிராவிலிருந்தும் இரண்டு பேராவது பெரட்டில் நிற்க வேண்டும். ஒற்றைப் பேர் வீட்டுக்காரர்கள் அறையைக் காலி செய்துவிட்டு, பண்டாரவளைவரை நடந்து ரயிலேறி, கடல் தாண்டி ஊருக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டவனை அன்றைக்கே துரத்தினார்கள். அங்கம்மாவின் லயத்தில் பத்துக் காம்பிராவில் ஏழு காலி. அவள் புருஷன் நல்லையாவோ கல் உருண்டு இடுப்பொடிந்து நாலு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். அவனை எந்த ரோட்டில் நடத்திக் கூட்டிப் போவது? அந்த வீட்டுக்கு இருந்த இரண்டு பேர் அங்கம்மாவும் பதினாலு வயதுப் பூவும்தான்.

அந்தக் கடைசி நாள் காலையில் பூவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அம்மா, இன்னிக்கு மட்டும் படுத்துக்கட்டுமா?"

"எந்திரிடி. பேர வெட்டிட்டாங்கன்னா ஒங்கப்பன் ரோட்டுல கெடந்து சாவாரு."

சொன்னது அங்கம்மாதான். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கூடைக் கயிற்றை மகளின் தலையில் மாட்டிவிட்டதும் அவள்தான். பாவி! சாயங்காலம் மேல்மலையில், எல்லாரும் இறங்கிப்போன பிறகு, பூவு தேயிலைச் செடியடியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. சாவுக்கு அடிக்கும் தப்பின் சத்தமில்லை. வாயில் போட ஒரு பிடி அரிசி இல்லை. மழையில் சரிந்து இளகிக் கிடந்த மண்ணைக் கையாலேயே தோண்டி, பெற்ற பிள்ளையை அதில் வைத்து மூடிவிட்டு வந்தாள்.

"நீ ராவெல்லாம் மொனகுற, புள்ளைக்குத் தூக்கமில்ல. பக்கத்துக் காலிக் காம்பிராவுல படுக்கச் சொல்லிட்டேன்" என்று நல்லையாவிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து பெரட்டில் இரண்டு குரலில் பதில் சொன்னாள். பூவு மேல்மலையில் நிற்கிறாள் என்று சொல்லிச் சொல்லி, இரண்டு கூடைக் கொழுந்தையும் தானே பறித்துத் தானே நிறுவைக்குக் கொண்டுபோனாள்.

பின்னாலிருந்து பதில் வந்த அன்றைக்கு, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பறித்ததில் ஒரு கூடைகூட நிரம்பவில்லை. மத்தியானம் வந்து பார்த்தால், அவள் தொடாத இரண்டாவது கூடை விளிம்புவரை நிறைந்திருந்தது. கொழுந்துக்குள் கையை விட்டாள். உள்ளே ஈர மண்கட்டிகள் கிடந்தன.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நல்லையா சிரித்துக்கொண்டு படுத்திருந்தான். சிரித்து எத்தனை நாளாயிற்று!

"பூவு இப்பத்தான் வந்துட்டுப் போச்சி. காலப் புடிச்சி விட்டுச்சி. கை என்னா சில்லுன்னு இருக்கு! ரொம்ப அசந்துபோயிருக்குடி, பாவம். செத்த நேரம் படு கண்ணுன்னேன். அம்மா திட்டும்ப்பான்னு சொல்லுது."

அங்கம்மா அவன் காலைப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்களின் மண் தடம் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத காம்பிராவில், யாரோ ஒரு கூடையை இறக்கி வைத்தார்கள். கூடை தரையில் உரசியது. ஒரு பெருமூச்சு கேட்டது. அங்கம்மா சுவரில் உள்ளங்கையை வைத்து, "பூவு?" என்றாள். மூச்சு நின்றுவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. செத்தவளைப் படுக்கவிடாமல் தினமும் பெரட்டுக்குக் கூப்பிட வைத்தது யார்? வந்திருக்கேங்க, வந்திருக்கேங்க என்று அவள் பேரில் சொல்லிக்கொண்டிருந்தது யார்? பேர் இருக்கும்வரை வேலை உண்டு. அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

பேரை வெட்டச் சொல்லிவிட வேண்டும். நல்லையாவை முதுகில் சுமந்துகொண்டாவது பண்டாரவளைக்கு நடந்துவிடலாம். அவன் வழியில் செத்தால் சாகட்டும். பிள்ளை படுக்கட்டும்.

மறுநாள் பெரட்டு. மூட்டம் இன்னும் கனமாக இருந்தது. லாந்தர் மட்டும் தெரிந்தது.

"அங்கம்மா!"

"வந்திருக்கேங்க."

"பூவம்மா!"

அங்கம்மா வரிசையை விட்டு வெளிச்சத்துக்கு ஓடினாள். "பூவு இல்லீங்கய்யா. செத்துப் போச்சிங்க. பத்து நாளாச்சிங்க. நாந்தாங்க பொய் சொன்னேன். அது பேர வெட்டிருங்க. ஒங்க காலப் புடிக்கிறேங்க, வெட்டிருங்க."

கங்காணி லாந்தரை உயர்த்தினார். அவர் அங்கம்மாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"காலங்காத்தால என்னா பேச்சு பேசுற? புள்ள ஒம் பின்னாடிதான நிக்குது."

குளிர். கழுத்தில்.

ஈர மண் வாடை.

திரும்பினாள்.

கம்பளிக்குள் பூவு நின்றாள். அங்கம்மா மாட்டிவிட்ட அதே இடத்தில் கூடைக் கயிறு. தலைமுடியில் மண். இமைகள் மண்ணால் ஒட்டிக் கிடந்தன. திறக்கவில்லை. உதடு அசைந்தது. முதலில் மண் உதிர்ந்தது. அப்புறம்தான் குரல் வந்தது.

"அம்மா, இன்னிக்கு மட்டும் படுத்துக்கட்டுமா?"

"படுத்துக்க கண்ணு. படுத்துக்க தாயி. படுத்துக்க!"

"என்னா நின்னுக்கிட்டு? மேல்மலைக்கு ஏறு, ஏறு!" என்று கங்காணி சத்தம் போட்டார்.

மூடிய கண்களோடு அந்த முகம் அம்மாவின் பக்கம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கயிற்றுக்குக் கீழே தலை குனிந்தது. பூவு கூடையைச் சரிசெய்துகொண்டு மற்றப் பெண்களுக்குப் பின்னால் மூட்டத்துக்குள் ஏறிப் போனாள்.