வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சாம்பை

விலாசினி பள்ளிக்கூடத்தில் சாம்பக்காயைக் கடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஆனந்தபாய்க்குப் பல் கூசும்.

"ஒண்ணு வேணுமா?" என்று விலாசினி நீட்டுவாள்.

"வேண்டாம். வெறும் தண்ணியாக்கும் அது," என்று ஆனந்தபாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயில் எச்சில் ஊறுவது விலாசினிக்குத் தெரியாதே.

கொல்லயில் கிராமத்தில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால். அந்தக் கரையில் விலாசினி வீட்டுச் சாம்பை மரம். கிளை தெரியாமல் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புக் காய்கள். இந்தக் கரையில் ஆனந்தபாய் வீட்டுத் தோட்டம். அங்கே விளைவது தவளை மட்டும்தான். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மழை விட்டாலும் சேறு விடாது.

அதனால் வந்த அவமானம் கொஞ்சமா? ஆனந்தபாய் வீட்டார் போகும் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை வரும். பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும், கொண்டுவந்தவர் பெயரை உரக்கச் சொல்லி அதை ஏலம் விடுவார்கள்.

"ராபின்சன் கொண்டுவந்த வருக்கைப் பலாப்பழம்!" என்றால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

"ஆனந்தபாய் கொண்டுவந்த முட்டை" என்றால் சிரிப்பார்கள்.

"இந்த வருஷமும் முட்டையா?" என்றான் ராபின்சன். "தோட்டத்துல கோழியை நட்டு வச்சிருக்கியா மக்கா?"

எப்படியாவது தன் தோட்டத்துப் பழம் ஒன்றைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனந்தபாய்க்கு வேறு ஆசையே இல்லை.

அது எல்லைப் போராட்டம் நடந்த காலம். திருவிதாங்கூரில் இருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கொல்லயிலிலும் ஒரு கமிட்டி உண்டு. அதில் சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. எல்லாரும் தலைவர், இல்லாவிட்டால் காரியதரிசி. ஆனந்தபாயின் அப்பா ஜெயதாஸ் ஒரு காரியதரிசி.

சொற்பொழிவு இல்லாமல் அவர் எதையும் செய்யமாட்டார். நாகர்கோவிலிலிருந்து ஒரு பலாக்கன்று கொண்டுவந்தார். கமிட்டி மொத்தமும் குடை பிடித்துச் சேற்றில் நின்றது.

"இது வெறும் கன்று அல்ல. தமிழ் நிலத்தின் தூதர்," என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் தூதர் வாடிவிட்டார். அடுத்த மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகியது.

"இது திருவனந்தபுரத்துச் சதி," என்றார் அப்பா.

"அவங்க வந்தா நம்ம தோட்டத்துல தண்ணி ஊத்தினாங்க?" என்று கேட்டாள் அம்மா புஷ்பபாய்.

மறு வருஷம் பப்பாளி. சொற்பொழிவு இன்னும் நீளம். பப்பாளி இன்னும் சீக்கிரம் அழுகியது.

ஒரு நாள் மாலை அப்பா தரையில் சாக்கட்டியால் எல்லைக்கோடு வரைந்து அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "வாய்க்கால்தான் எல்லை. இந்தக் கரை நமக்கு. அந்தக் கரை மலையாளம் பேசுறவங்களுக்கு."

ஆனந்தபாய் குனிந்து பார்த்தாள். "அப்பா, கோட்டை இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் வளைக்க முடியாதா?"

"எதுக்கு?"

"சாம்பை மரம் நம்ம பக்கம் வந்துருமே."

அப்பா சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் மரம் மறுபடி காய்த்தது. ஆனந்தபாயால் பொறுக்க முடியவில்லை. 'ஒரு கிளையாவது ஒடியட்டும்' என்று வாய்க்காலைத் தாண்டினாள். தாழ்ந்து கிடந்த கிளையைப் பிடிக்க எட்டு வைத்தாள். புதுக் என்று கால் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டது.

இழுத்தாள். வரவில்லை. அப்போதுதான் சேற்றைப் பார்த்தாள். அதே கறுப்பு. அதே வாடை. அதே தவளை.

'இதுவும் எங்க தோட்டத்துச் சேறுதானே! இதில் எப்படி இந்த மரம் அழுகாமல் நிற்குது?'

அவள் பிடிக்க வந்த கிளை ஓரிடத்தில் சேற்றைத் தொட்டுக் கிடந்தது. தொட்ட இடத்தில் வெள்ளை வெள்ளையாக வேர்.

"எடி, அங்க என்ன செய்யுதே?" விலாசினி வீட்டு முற்றத்திலிருந்து ஓடி வந்தாள்.

பொய் சொல்லலாம்தான். ஆனால் சேற்றில் ஒற்றைக் காலோடு நிற்பவளுக்குப் பொய் எதுவும் சட்டென்று தோன்றவில்லை.

"கிளையை ஒடிக்க வந்தேன். உனக்கு மரம் உண்டு. எனக்கு இல்ல. அதுக்குத்தான்."

விலாசினி யோசித்தாள். "எனக்கும் உன்மேல பொறாமை உண்டு, தெரியுமா?"

"என்மேலயா? எதுக்கு?"

"உங்க சபையில உன் பேரை எல்லார் முன்னாலயும் உரக்கச் சொல்லுவாங்கல்லா? என் பேரை அம்மை ஏசும்போதுதான் உரக்கச் சொல்லுவா."

ஆனந்தபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாசினி அவளை இழுத்துவிட்டாள். பிறகு அம்மாவிடம் கேட்டு அரிவாள் வாங்கி வந்து, வேர்விட்ட கிளையை வெட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் அப்பா மறித்தார். "அந்தக் கரை மரமா? காரியதரிசி வீட்டுல அது கூடாது."

"அப்பா, ரெண்டு கரையிலயும் ஒரே சேறாக்கும். நீங்க கொண்டுவந்தது மேட்டுல வளர்ற கன்று. இது சேத்துலயே வேர் விட்டது. பாருங்க."

அப்பா வேரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி. ஆனா முறைப்படி நடணும். கமிட்டியைக் கூட்டிட்டு வாறேன்," என்று குடையோடு கிளம்பினார்.

அவர் திரும்புவதற்குள் இரண்டு சிறுமிகளும் நட்டு முடித்துக் கை கழுவிவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் சொற்பொழிவு கேட்காத ஒரே கன்று அதுதான். தண்ணீர் வந்தது, நின்றது, வடிந்தது. கன்று மட்டும் அசையவில்லை.

அது பூப்பதற்கு முன்பே அரசாங்கம் எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டது. கோடு வாய்க்கால் பக்கமே வரவில்லை. எங்கேயோ கிழக்கே போய்விட்டது. இரண்டு வீடும் கேரளத்திலேயே கிடந்தன. அப்பா பல நாள் கமிட்டிப் பக்கமே போகவில்லை. மரத்தடியில் போய்ச் சும்மா நிற்பார்.

பிறகு ஓர் அறுப்பின் பண்டிகைக்கு ஆனந்தபாய் ஒரு கூடை சாம்பக்காய் கொண்டுபோனாள். ஏலம் விடுபவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனந்தபாயும் விலாசினியும் கொண்டுவந்த சாம்பக்காய்!"

சன்னலுக்கு வெளியே நின்றிருந்த விலாசினி கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "என் பேரு, என் பேரு!"

முதல் ஆளாக ஏலம் கேட்டவர் அப்பாதான். "நம்ம மண்ணுக்கு இதுதான் ஏத்த மரம்னு நான் அப்பவே சொன்னேன்," என்று எழுந்தார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்பா ஏலத்தில் எடுத்த கூடை கைக்கு வந்ததும் ஆனந்தபாய் ஒரு காயை எடுத்துச் சன்னல் வழியே கொடுத்தாள். இன்னொன்றை ராபின்சன் பக்கம் நீட்டினாள்.

"வேண்டாம்," என்று ராபின்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வெறும் தண்ணியாக்கும் அது."