இடது பக்கத்துக் கல்

மூட்டையை இறக்கிய பிறகும் மூட்டை இறங்கவில்லை. பைரோஸின் வலது தோள்பட்டையில் யாரோ கையை ஊன்றித் தொங்குவதுபோல அந்த வலி கிடந்தது. சிமெண்ட் சுமந்து பழகாத தோள். சின்னராசு லோடு இறக்கிய காலத்தில் முதலாளி கரீம் பாயின் மகனான அவன் மூட்டையைத் தொட்டதில்லை. சின்னராசு போன பிறகு வந்த கூலியாட்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. லாரி வந்தால் பாதி லோடு பைரோஸின் முதுகில்தான் ஏறியது. கழுத்தில் படிந்த சிமெண்ட் வியர்வையில் கரைந்து எரிந்தது.

மூட்டை அடுக்கின் ஓரத்தில் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். சின்னராசுவின் அம்மா. சந்தை நாளானால் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடுவாள்.

"தம்பி, எம்புள்ள போன் கீன் எதுனா பண்ணானா?"

"அதான் சொன்னேனேம்மா. பெங்களூர் பஸ் ஏறுனான். நம்பர மாத்தியிருப்பான்."

"மாத்தட்டும். பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு மாத்துனா வாயி வலிக்குமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். "மலைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனீங்க?"

"ஒண்ணாத்தாம்மா திரும்பி வந்தோம்."

தொழுகைக்குக் கிளம்பிய கரீம், "மழ கட்டிக்கினு வருது பைரோஸ், ஷட்டர எறக்கிட்டு வூட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அமிர்தமும் எழுந்தாள். "எதுத்தாப்புல டீக்கடைல குந்திக்கினு இருக்கேன் தம்பி. மழ வுட்டதும் வந்து சொல்லிக்கினு போறேன்."

ஷட்டரை உள்பக்கமாக இறக்கினான். வீட்டுக்குப் போகவில்லை. பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டு, சின்னராசுவோடு ஆடிய விளையாட்டைத் திறந்தான்.

அந்த விளையாட்டில் மேப் கிடையாது. அம்புக்குறி கிடையாது. பனி மூடிய ஒரு மலைநாடு, கையில் ஒரு தீப்பந்தம், அவ்வளவுதான். சுவர் என்று நினைத்தது கதவாக இருக்கும். தரை என்று மிதித்தது வாயைப் பிளக்கும். செத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி. கடையில் சின்னராசுவுக்கு எல்லாமே ஏவல்தான்: அதை எடு, இதை இறக்கு, ஓரமாகப் போடு. இங்கே அவனை ஏவ ஆள் இல்லை. நாள் முழுக்கச் சுமந்த உடம்போடு வந்து உட்காருவான், கண் மட்டும் மினுங்கும். தானாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு குகையும் அவன் பெயருக்குப் பட்டா போட்ட நிலம்.

இருவரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். ஒரே ஒரு சட்டம். முன்னால் போகிறவன் பாதை பிரியும் இடத்தில், தான் போன பக்கம் ஒரு கல் வைக்க வேண்டும். மலைக்கு விறகுக்குப் போகிறவர்கள் தழையை ஒடித்துப் போட்டு மேலே கல் வைப்பார்களே, அதுபோல. வைத்த கல் பொய் சொல்லக் கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் சின்னராசு கல் வைக்கவில்லை. அருவிக்குப் பின்னால் ஏதோ ஒரு கதவைக் கண்டுபிடித்திருந்தான். எங்கே என்று பைரோஸ் கெஞ்சினான், மிரட்டினான்.

"நீயே தேடு பாய். நான் சொல்லிட்டா அது உன்னுதா? மொதலாளி புள்ளைக்கு இதயும் நாந்தான் முதுவுல தூக்கியாந்து தரணுமா?"

மற்ற லோடு ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பைரோஸின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இப்போது திரையில், நேற்று நிறுத்திய இடம். பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கத்தில் ஒரு கல் இருந்தது.

பைரோஸ் அதை வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் நெட் கிடையாது, வேறு யாரும் உள்ளே வரவும் முடியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தான். கல்லுக்கு அடியில் பச்சைத் தழை. அந்த விளையாட்டில் கல் உண்டு. தழை கிடையவே கிடையாது. அது உண்ணிச்செடியின் கிளை, நுனியில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ.

அணைத்திருக்கலாம். விரல் அணைக்கப் போகவில்லை. அந்தக் கதவு எங்கே? அதைப் பார்க்காமல் எப்படி எழுந்து போவது? மழை தகரக் கூரையில் இரைந்து கொட்ட, ஈரச் சாக்கும் சிமெண்டும் கலந்த வாடை மூக்கை அடைக்க, ஒவ்வொரு பிரிவிலும் இடது பக்கமே காட்டிய கற்களைப் பின்பற்றி அவன் ஓடை தாண்டி, வழுக்குப் பாறை ஏறி, அருவியின் இரைச்சலுக்குள் நுழைந்தான். நீருக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே குகை இல்லை. புதர். உண்ணிச்செடிப் புதர்.

அவனுக்கு அந்த இடம் தெரியும். வெள்ளிமலைக்குப் போகும் ரோட்டிலிருந்து இறங்கி, ஓடையோடு நடந்து போன இடம். யாரும் பார்க்காத அருவியைக் கண்டுபிடிப்போம் என்று இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தார்கள். சின்னராசு பின்தங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். பைரோஸ் முன்னால் போனான். வழி வலது பக்கம். இடது பக்கம் புதர், புதருக்கு அப்பால் பாறைப் பிளவு. அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் இடது பக்கம் தழையைப் போட்டுக் கல்லை வைத்தான். கொஞ்சம் சிராய்ச்சுக்கட்டும், நாம் சிரிப்போம் என்று.

சிரிக்கவில்லை. பிளவின் அடியிலிருந்து சின்னராசுவின் குரல் வந்தது. "பாய்... வழி எது பாய்?" வெகு நேரம் வந்தது. பைரோஸ் கேட்டான். கேட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினான்.

மேஜைமேல் இருந்த இரண்டாவது கன்ட்ரோலர் நடுங்கியது. சின்னராசு பிடிப்பது. பட்டன் இடுக்கில் காய்ந்திருந்த சிமெண்ட் ஈரமாக மினுமினுத்தது.

திரையில் அவன் ஆள் ஒரு அடி வைத்தான். பைரோஸ் எதையும் அழுத்தவில்லை. தரை வாயைத் திறந்தது.

விழுந்தான்.

சாகவில்லை. இருட்டு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூச்சு. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை அந்த மூச்சு.

மேலே பார்த்தான். கீற்றாக வானம். விளிம்பில் ஒருவன் குனிந்து எட்டிப் பார்த்தான். மஞ்சள் பனியன். அன்று பைரோஸ் போட்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டான். நிமிர்ந்தான். போய்விட்டான்.

திரை அணைந்தது.

சுவிட்சுக்குக் கை நீட்டினான். சுவர் இருந்த இடத்தில் பாறை. குளிர்ந்த, பாசி வழுக்கும் பாறை. திரும்பினான். பாறை. மூட்டைகள் இருந்த பக்கம் முள். உண்ணிச்செடியின் நெடி. தகரக் கூரை எங்கே? தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஷட்டரின் அடி இடைவெளிபோல ஒரு வெளிச்சக் கீற்று.

அங்கே வளையல் சத்தம்.

"தம்பி? மழ வுட்ருச்சு. நா கெளம்பறேன்."

"அம்மா! இங்க இருக்கேம்மா! வழி எது?" தொண்டை கிழியக் கத்தினான். சத்தம் பாறையில் மோதி அவன் காதுக்கே திரும்பி வந்தது.

அமிர்தம் சிறிது நேரம் நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். "வூட்டுக்குப் போய்ட்டாப்ல" என்றாள் தனக்குத்தானே. செருப்புச் சத்தம் ஈர மண்ணில் தேய்ந்து மறைந்தது.

கீற்று குறுகியது.

வலது தோளில் ஒரு கை விழுந்தது. சிமெண்ட் தின்று வெடித்த விரல்கள். நகங்கள் இல்லை. பாறையைப் பிறாண்டித் தேய்ந்த எலும்பு, தோள் எலும்பைத் தேடி இறங்கியது. காதோரம் ஈர மண் வாடையோடு குரல் வந்தது.

"வூட்டுக்குப் போற வழி எது பாய்? அத நீ எனக்கு இன்னும் சொல்லல."