இடது கைப்பிடியின் உறை

ஏரி கண்ணில் படத் தொடங்கும் வளைவில், சாலைக்கு வெகு கீழே, என் மூத்த மகன் மங்காசி கிடந்தான். பைக்கோடு கவிழ்ந்த பக்கவண்டி அவன் இடுப்பின் மேல் இருந்தது. கல்யாண வீட்டுக்கு அவன் ஏற்றிச் சென்ற அரிசி மூட்டைகள் கிழிந்து, பைன் மரங்களின் அடியெல்லாம் அரிசி சிதறியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பைக்கின் இடப்பக்கம் அறுந்து தொங்கிய கிளட்ச் கேபிளைக் காட்டினார் போக்குவரத்துக் காவலர்.

"கேபிள் அறுந்து வண்டி நிக்காம ஓடிருச்சு, அமாங். பழைய கேபிள் போல." பெரியவர்களை எங்கள் ஊரில் அமாங், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யார் பட்டறைக் கேபிள்னு பார்த்தியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்திருந்தார். நுனியில் வார்த்த ஈயக் குமிழில் எங்கள் முத்திரை இருந்தது.

சியாந்தார் நகரத்தில் பக்கவண்டி பூட்டிச் சவாரி ஏற்றும் பழைய இங்கிலாந்து பைக்குகள் எல்லாவற்றுக்கும் தமானிக் பட்டறைதான் கேபிள் செய்கிறது. என் தகப்பனார் ஆரம்பித்தது. எங்கள் கேபிளை நம்பி மலை இறங்குகிறவர்கள் உண்டு. எங்கள் கேபிள் அறுந்து எவனும் செத்தான் என்று இந்த ஊர் இதுவரை சொன்னதில்லை. இனிமேல் சொல்லும். அதுவும் செத்தவன் என் மகன்.

இளையவன் சவுத் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். தன் சின்ன பைக்கில் அண்ணனுக்குப் பின்னால் வந்தவன் அவன். கை முழுக்கக் கிரீஸும் ரத்தமும்.

"கண்ணு முன்னாடியே போயிட்டாம்ப்பா. நான் கீழ இறங்குறதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு. உடனே மேல ஓடிவந்து லாரியை நிறுத்தினேன்."

நான் அவன் தோளைத் தொட்டேன். பிறகு அறுந்த கேபிளைக் கையில் எடுத்தேன். தானாக அறும் கேபிள் இழை இழையாக விட்டு, துடைப்பம் போல் ஏறுக்குமாறாக முடியும். இதில் எல்லா இழைகளும் ஒரே நீளம்.

"இது அறுந்ததில்ல. யாரோ வெட்டியிருக்கான்," என்றேன்.

சவுத் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "லம்ஹோத்தா இருக்கும்ப்பா. போன வாரம் வண்டி ஸ்டாண்டுல அண்ணனோட சட்டையைப் பிடிச்சான்."

அன்று மாலை கள்ளுக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. லம்ஹோத்தும் பக்கவண்டி ஓட்டுகிறவன்; எனக்கு மருமகன் முறை, என்னைத் துலாங், அதாவது மாமா, என்பான். வாய்த் துடுக்கு உள்ளவன். அவன் மட்டும் எழுந்து நின்றான்.

"துலாங், நானா வெட்டினேன்? உங்க பையனோட சண்டை போட்டேன். ஆமா. அவன் என் வரிசையில பூந்தான். அதுக்காக மாமன் மகனைக் கொல்லுவேனா? கொல்றதா இருந்தா இங்க பாதிப் பேரைக் கொன்னிருக்கணும்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாளைக்கே நான் கேபிளை எடுத்துட்டு எண்ணெய் அழுத்தத்துல ஓடுற ஹைட்ராலிக் கிளட்ச் மாத்தப் போறேன். ரெண்டு விரல் போதும். மிச்ச விரல்ல சிகரெட் பிடிக்கலாம். உயிரும் மிஞ்சும்."

நான் யாரையும் திட்டவில்லை. துக்க வீட்டுக்குத் திரும்பினேன். சமோசிர் தீவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், மங்காசியின் தாய்மாமன், மடித்த உலோஸ் துணியோடு வாசலில் நின்றார். அந்தத் துணியை அவர் போர்த்தினால்தான் பிணம் வீட்டைவிட்டுப் போகும்.

"என் மருமகன் எதால செத்தான்னு தெரியாம நான் போர்த்த மாட்டேன்," என்றார் அவர். "உங்க கேபிளாலயா, அடுத்தவன் கையாலயா? சொல்லுங்க."

மாவட்டக் குற்றப்பிரிவுக்கு நானே ஆள் அனுப்பினேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தியூர்மா சரகி தன் பெரிய பைக்கில் பட்டறைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். நொறுங்கிய வண்டி முற்றத்தில் கிடந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, எதையும் கேட்காமல் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தாள்.

"கியர் எதுல இருந்துச்சு, அமாங்?"

"ரெண்டாவதுல. இன்னும் அப்படியேதான் இருக்கு."

அவள் முன்சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டாள். இரும்பு நீலம் பாரித்திருந்தது. உள்ளே லைனிங் கருகிப் பொடியாகியிருந்தது.

"இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடிச்சிருக்கான்."

"சுமை அதிகம்."

"இதென்ன?" டாங்கியின் இடப்பக்கம் பெயின்ட் கொப்புளித்து, விரல் பட்டதும் தோலாய் உரிந்தது.

"பெட்ரோல் சிந்தியிருக்கும்."

"மூடியைச் சுத்தி பெயின்ட் நல்லாத்தானே இருக்கு?"

அவள் கைப்பிடிக்கு வந்தாள். மழைக்காலத்தில் எங்கள் ஓட்டுநர்கள் இரண்டு கைப்பிடிக்கும் ரெக்ஸின் உறை மாட்டுவார்கள். முழங்கை வரை உள்ளே போகும். வலப்பக்க உறை கிழிந்து தொங்கியது.

"இடது உறை எங்க?"

"விழுந்த இடத்துல கிடக்கலாம்."

"நான் அங்க தேடிட்டுத்தான் வரேன். ஒரு செருப்பு கிடைச்சுது. அரிசி தின்ன வந்த கோழி நாலு. உறை மட்டும் இல்ல." அவள் குனிந்து வண்டிச் சட்டத்தின் அடியைப் பார்த்தாள். "உங்க பட்டறை வண்டியில உபரிக் கேபிள் ஒண்ணு கட்டி விடுவீங்களாமே?"

"கட்டாம ஒரு வண்டியும் வெளிய போகாது. ஓடுற கேபிள் ஒண்ணு. பக்கத்துலயே மாத்துக் கேபிள் ஒண்ணு."

"இதுல இல்லையே. கட்டின நூல் மட்டும் இருக்கு. புதுசா அறுத்த நூல்."

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். உண்மை. பிறகுதான் அறுந்த கேபிளைச் சரியாகப் பார்த்தேன். லீவர் பக்கம் வளைகிற இடத்தில் ஒரு தேய்மானமும் இல்லை. உறைக்குழாயில் தெருப்புழுதி இருந்தது. உள்ளே கம்பி பளபளவென்று, நான் பூசிய கிரீஸோடு அப்படியே இருந்தது. அது ஒரு நாளும் இழுபடாத கேபிள். அதுதான் மாற்றுக் கேபிள்.

"வெட்டினவன் ஏன் மாத்துக் கேபிளை மாட்டி வெட்டணும்?" என்றேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல உங்க வண்டி வேணும். கிளட்ச் கேபிளைக் கழட்டுங்க."

எங்கள் தெரு சந்தைப் பக்கம் சரிந்து இறங்கும். நான் கேபிளைக் கழற்றினேன். அவள் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை அணைத்தபடியே இரண்டாவது கியரைப் போட்டாள். தெருவில் நின்ற லம்ஹோத்தைக் கூப்பிட்டேன்; இருவரும் பின்னாலிருந்து தள்ளினோம். வண்டி சரிவில் நாலு முழம்கூடப் போகவில்லை. எஞ்சின் திணறித் திணறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. லம்ஹோத் முழு பலத்தோடு முட்டினான்.

"எருமை மாதிரி நிக்குது துலாங்!"

அவள் இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"கேபிள் அறுந்தாலும் சரி, வெட்டினாலும் சரி, கிளட்ச் பிடிச்சபடியேதான் இருக்கும். கியர் மாத்த முடியாது, நிறுத்தக் கஷ்டம். ஆனா இறக்கத்துல எஞ்சின் வண்டியை விடாது. மங்காசி ரெண்டாவது கியர்ல இறங்கியிருக்கான். எஞ்சின் பிடிச்சிருந்தா பிரேக் இப்படிக் கருகாது. கிளட்ச் திறந்து, எஞ்சின் சக்கரத்தை விட்டுக் கிடந்திருக்கு, அமாங். லீவரை அவன் தொடாமயே."

ஐம்பது வருடமாகக் கேபிள் செய்கிறவன் நான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியாமல் போயிற்று.

"கேபிள் கிளட்ச் தானாத் திறக்காது," என்றேன்.

"திறக்காது." அவள் தன் பைக்கைப் பார்த்தாள். அதன் இடது லீவரின் மேல், தீப்பெட்டி அளவில் ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. "உங்க சின்ன மகன் இருக்கானா?"

சவுத் துக்க வீட்டிலிருந்து வந்தான். சந்தைத் தெருவில் அவன் ஒரு சிறு கடை வைத்திருக்கிறான். சின்ன பைக்குகளுக்கு ஹைட்ராலிக் கிளட்ச் மாட்டிக் கொடுப்பது அவன் தொழில். அந்தக் கடை திறந்த அன்று, நம் பட்டறை வண்டியில் எவனாவது கேபிளைக் கழற்றினால் அவன் என் மகன் இல்லை என்று நான் தேவாலய வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன்.

தியூர்மா லம்ஹோத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"என் வண்டி ஹைட்ராலிக் தம்பி. கிண்ணத்துல எண்ணெய் எவ்வளவு இருக்கணும்?"

"மேல் கோடு வரைக்கும்மா."

"கிளட்ச் பிளேட் தேஞ்சா?"

"தேயத் தேய எண்ணெய் குறையும். அப்பப்ப ஊத்திடணும்."

"பார்த்து ஊத்துவியா, பார்க்காமயா?"

"கசிஞ்சுதான் இருக்கும்னு… நெனச்சு ஊத்திடுவேன். பிரேக்குக்கு ஊத்துற மாதிரிதான்."

"பிரேக்ல குறையும். கிளட்ச்ல குறையாது தம்பி, ஏறும்." அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினாள். "பிளேட் தேஞ்சா அடுக்கு மெலியும். தள்ளுகோல் பின்னால வரும். எண்ணெய் திரும்பக் கிண்ணத்துக்கே ஏறும். அதுமேல நீ ஊத்த ஊத்த, கிண்ணம் தளும்பி நிக்கும். மலையேறும்போது எஞ்சின் கொதிக்கும், எண்ணெய் விரியும். போக இடமில்ல. அப்ப அது என்ன செய்யும்?"

சவுத்தின் உதடுகள் வெளுத்தன. அவன் தொழில் தெரிந்தவன். பதில் அவனுக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது என்று அவன் முகம் சொன்னது.

"கிளட்சைத் தானே தள்ளித் திறக்கும்," என்றான் மெதுவாக.

"ஹைட்ராலிக் மேல குத்தமில்ல. நானும் அதுலதான் மலை ஏறி இறங்குறேன். மங்காசி வண்டியில நீ மாட்டின கிண்ணத்துல தளும்பின எண்ணெய் டாங்கியில சொட்டிப் பெயின்ட்டைத் தின்னிருக்கு. மத்தவங்க கண்ணுக்குப் படாம லீவரையும் கிண்ணத்தையும் மழை உறை மறைச்சிருக்கு. உறை உள்ள எண்ணெய் ஊறியிருந்ததால அதையும் நீ எடுத்துட்ட. எங்க வச்சிருக்க?"

"ஏரியில போட்டேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "ஏண்டா ஹைட்ராலிக்கை மாட்டினே அவன் வண்டியில?"

"அண்ணன்தான் கேட்டான்ப்பா. மணிக்கட்டு வீங்கிப் போச்சு அவனுக்கு. உங்க கேபிள் லீவரை நாள் முழுக்க இழுக்க முடியல. உங்ககிட்ட சொல்லாதேன்னான். தமானிக் மகனே ஹைட்ராலிக் ஓட்டுறான்னா ஊரே உன் கடைக்கு வரும், கொஞ்ச நாள் போகட்டும், நானே அப்பாகிட்ட சொல்றேன்னான்."

தியூர்மா இடைமறித்தாள். "வளைவுக்கு மேல காபிக் கடை வச்சிருக்கிற அம்மா, ஏழு மணி பஸ் போனதும் சத்தம் கேட்டேன்னு சொல்றாங்க. நீ லாரியை நிறுத்தினது எட்டுக்கு மேல. லாரிக்காரனைக் கேட்டாச்சு. கிண்ணம், குழாய், கீழ இருக்கிற உருளை எல்லாத்தையும் கழட்டி, கேபிள் அறுந்த மாதிரி தெரியணும்னு மாத்துக் கேபிளை மாட்டி வெட்ட அவ்வளவு நேரம் ஆகும். டாக்டர் சொல்றார், இடுப்பு நசுங்கினவன் உடனே சாகல. ரத்தம் போய்த்தான் செத்திருக்கான்."

சவுத் என் காலடியில் சரிந்து உட்கார்ந்தான்.

"முழிச்சுத்தான் இருந்தான்," என்றான் சவுத். "பேசிட்டிருந்தான். முதல்ல பயந்துட்டேன். தம்பி போட்டதுதான் அண்ணனைக் கொன்னுச்சுன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே ஓடிச்சு. சீக்கிரம் முடிச்சிடலாம்னு நெனச்சேன். ஒரு நட்டு இறுகிக் கிடந்துச்சு."

தியூர்மா தன் கையுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் தகப்பனாரும் எங்கள் வண்டி ஓட்டியவர்தான்.

"அமாங், வண்டியில வேற கிளட்ச் இருந்ததுன்னு நான் நிரூபிக்க முடியும். அண்ணன் உயிரோட இருந்தப்ப இவன் ஸ்பேனர் பிடிச்சிருந்தான்னு நிரூபிக்க முடியாது. அது இவன் வாயால வந்தது. இந்த நாலு சுவத்துக்குள்ள. ஸ்டேஷன்ல வேற மாதிரி சொன்னான்னா, அண்ணன் செத்த பிறகு பயத்துல மாத்தினான்னு ஆயிடும். அதுக்கு மேல என்னால போக முடியாது. ஒரு மகன் போயாச்சு உங்களுக்கு."

அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். அவள் பைக் சரிவில் இறங்கும் ஓசை கேட்டது.

சவுத் என் காலடியில் உட்கார்ந்திருந்தான். தெருவில் லம்ஹோத் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்: "கேபிள் மேல தப்பில்லடா! நானே தள்ளிப் பார்த்தேன்!" எங்கள் பட்டறையின் பெயர் அந்தக் காலையிலேயே தெருவில் நிமிர்ந்துவிட்டது. அதற்கு இனி யாருடைய வாக்குமூலமும் வேண்டியதில்லை.

வீட்டில் என் மைத்துனர் மடித்த துணியோடு காத்திருந்தார்.

"எழுந்திரு," என்றேன். "முகத்தைக் கழுவு. சட்டை மாத்து."

"எங்கப்பா?"

"முதல்ல வீட்டுக்கு. துணி போர்த்துறதுக்கு முன்னாடி உன் தாய்மாமன்கிட்ட சொல்லணும். அப்புறம் ஸ்டேஷனுக்கு."

"எல்லாத்தையுமா?"

"அந்த ஒரு மணி நேரத்தையும்."

கழற்றிய கேபிளை நானே திரும்ப மாட்டினேன். சவுத் பக்கவண்டியில் ஏறி, சின்ன வயதில் உட்காருவது போல முழங்காலைக் கட்டிக்கொண்டான். தெருவில் நின்ற ஓட்டுநர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

சரிவு தொடங்கியது. நான் இரண்டாவது கியரில் லீவரை விட்டேன். பிரேக்கைத் தொடவில்லை. எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கியது.

"அப்பா," என்றான் அவன், முன்னால் பார்த்தபடியே. "அண்ணன் தண்ணி கேட்டான். இந்த ஒரு நட்டு மட்டும்னு சொன்னேன்."

சந்தை வளைவு வந்தது. திரும்பினேன்.

"அதையும் சொல்லு," என்றேன்.