ஜோப் வீட்டு அரிசி மூட்டை

தேர்தல் முடிவு வந்ததிலிருந்து மாலிக் ஜோப்பின் படகு மணலிலேயே கிடந்தது. ரோஹேயின் அப்பா அலியூ ந்ஜாயின் வலை வீட்டுச் சுவரில் தொங்கியது. படகு ஒருவருடையது, வலை இன்னொருவருடையது. சேர்ந்தே கடலுக்குப் போய்ப் பழகியவர்கள். இப்போது இரண்டு வீட்டிலும் மீன் இல்லை. ரோஹே வீட்டில் சோற்றோடு வெறும் வெங்காயக் குழம்புதான்.

இரண்டு பேரும் வழியில் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்வார்கள்.

"சமாதானமா?"

"சமாதானம்தான்."

"வீட்ல சமாதானமா?"

"சமாதானம்தான்."

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். ரோஹேவுக்கு அதைக் கேட்டாலே அழுகை வரும். அவர்கள் திட்டிக்கொண்டிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

எங்கள் கரையில் ஜோப் குடும்பத்துக்கும் ந்ஜாய் குடும்பத்துக்கும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். சோற்றுக்கு அலைபவன் என்று சொல்லலாம். என் அடிமை என்றுகூடச் சொல்லலாம். பெரியவரைச் சின்னப் பிள்ளை கிண்டல் செய்தாலும் சரிதான். கோபப்படக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். அலியூவும் மாலிக்கும் படகைத் தள்ளும்போது ஆரம்பித்தால் கரைக்குத் திரும்பும்வரை விடமாட்டார்கள்.

பிறகு தேர்தல் வந்தது.

எங்கள் நாட்டில் ஓட்டுச் சீட்டு இல்லை, கோலிதான். கட்சிக்கு ஒரு நிறத்தில் டிரம் வைத்திருப்பார்கள். பிடித்த டிரம்முக்குள் கோலியைப் போட்டால் உள்ளே ஒரு மணி 'டிங்' என்று அடிக்கும். யார் எதில் போட்டார் என்று வெளியே தெரியாது. ஆனால் மாலிக் மனதில் இருப்பதை மறைக்கிற ஆள் இல்லை. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டே மீன் பிடிக்கப் போவார். ரோஹேயின் அப்பா நீலத் தொப்பி.

நீலம் ஜெயித்தது. கடற்கரையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தபோது மாலிக் அந்தப் பக்கம் வந்தார். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வர்றான் பாரு ஜோப்பு. ஒரு மூட்டை அரிசிக்குக் கோலியை வித்தவன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாலிக் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் யாரோ அவருடைய படகில் நீலச் சாயத்தால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'அரிசி மூட்டை'.

இப்போது அவர் படகை விற்கப்போகிறார் என்று பேச்சு. திங்கட்கிழமை காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வாங்க வருகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரோஹே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நீங்க கிண்டலாத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"நெஜமாவா?"

அப்பா வலையின் கண்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். "பாதி கிண்டல்," என்றார்.

"மீதி பாதி?"

"ஆரஞ்சுக்காரங்க கோலிக்கு ஒரு மூட்டை அரிசி குடுத்தாங்கன்னு ஊரே பேசிச்சு."

"நீங்க மாமாகிட்ட கேட்டீங்களா?"

"இதையெல்லாம் எப்படிடி கேக்கிறது?"

ரோஹே எழுந்தாள். எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு ந்ஜாய்தானே. ஆனாலும் மாலிக் வீட்டு வாசலுக்குப் போனபோது அவளுக்குப் பயம் வந்தது. கிண்டல் என்று அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

மாலிக் தனியாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "வாம்மா. வீட்ல சமாதானமா?" என்றார்.

"ஏ ஜோப்பு," என்றாள் ரோஹே. "அந்த அரிசி மூட்டையை எங்க ஒளிச்சு வெச்சிருக்க? எடு, பாக்கணும்."

மாலிக்கின் கை அப்படியே நின்றது. அவர் முகம் கறுத்தது. ரோஹே ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் சட்டம் சட்டம்தான். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்துட்டியா, ந்ஜாய் வீட்டுப் பெருச்சாளி. மோப்பம் புடிக்கத் தெரியுமில்ல, தேடிக்க," என்றார்.

ரோஹே தேடினாள். கட்டிலுக்கு அடியில் பழைய கயிறு. அடுப்படியில் ஒரு தகர டப்பா. அதன் அடியில் இரண்டு கை நொய்யரிசி கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"மூட்டை இல்லையே மாமா."

"இருந்தாத்தானே."

"அப்பாகிட்ட ஏன் இல்லேன்னு சொல்லல?"

"கிண்டல்னா பத்து மடங்கு திருப்பிக் குடுத்திருப்பேன். அவன் கண்ணுல சிரிப்பு இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கேக்கல, முடிவே பண்ணிட்டான்."

"அப்ப ஏன் ஆரஞ்சு?"

மாலிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாள்ல இதைக் கேட்ட மொத ஆளு நீதான். ஆனா இதை உன் அப்பன் கேக்கணும்."

ரோஹே ஓட்டமாக ஓடி வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, அங்க மூட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. டப்பாவுல ரெண்டு கை நொய்தான். நீங்க போய் அவர்கிட்ட ஏன் ஆரஞ்சுன்னு கேளுங்க."

"நான் அவன் வீட்டுக்குப் போனா எங்க கட்சிக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

"அவங்க உங்களுக்குப் படகு குடுப்பாங்களா?"

அப்பா நீலத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

மாலிக் வீட்டு வாசலில் வழக்கமான வணக்கம் நடந்தது. சமாதானமா, சமாதானம்தான். ரோஹே அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாலிக்," என்றார் அப்பா. "நீ ஏன் ஆரஞ்சுல போட்ட?"

"ரோட்டுக்காக," என்றார் மாலிக்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரோஹேவுக்கும் புரிந்தது. போன மழைக்காலத்தில் மாலிக்கின் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் பாதி வழியில் சேற்றில் புதைந்தது. அப்பாவும் இடுப்பளவு சேற்றில் நின்று அந்த வேனைத் தள்ளினார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அத்தை இறந்துவிட்டாள்.

"தார் ரோடு போடறோம்னு ஆரஞ்சுக்காரங்க மட்டும்தான் சொன்னாங்க," என்றார் மாலிக். "பொய்யாக்கூட இருக்கலாம். ஆனா அந்த ரோட்டைப் பத்தி வேற யாரும் வாயே தெறக்கல."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னது தப்பு. கூட்டத்துக்கு முன்னாடி சொன்னது அதைவிடத் தப்பு."

"தப்புதான்," என்றார் மாலிக். "சரி, நீ ஏன் நீலம்? நானும்தான் கேக்கலையே."

"ஐஸ் வீட்டுக்காகத்தான். மீன் கெடாம வெக்க ஒண்ணு கட்டித் தர்றோம்னு நீலக்காரங்க சொன்னாங்க. எவ்வளவு மீனை அழுகவிட்டுக் குழி தோண்டிப் புதைச்சோம்."

"ரோடு இல்லாம ஐஸை வெச்சு என்னடா பண்ணுவ?"

"ஐஸ் இல்லாம உன் ரோட்டுல நாத்தத்தையா ஏத்தி அனுப்புவ?"

சத்தம் கூடியது. ரோஹே பயந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனால் மாலிக் பேசிக்கொண்டே இரண்டாவது கோப்பையில் டீ ஊற்றினார். அப்பா பேசிக்கொண்டே அதை வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை அப்பா ஒரு கை மணலையும் கிழிந்த வலைத் துண்டையும் வைத்துப் படகில் இருந்த எழுத்தைத் தேய்த்தார். ரோஹேவும் கூடச் சேர்ந்து தேய்த்தாள். நீலக் கட்சிக்காரர்கள் சிலர் வந்து நின்றார்கள்.

"என்ன அலியூ, உனக்கும் ஒரு மூட்டை வந்துச்சா?"

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு அவரிடம் பேசவே இல்லை. எழுத்தும் முழுதாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

திங்கட்கிழமை காலை, சொன்னபடி படகு வாங்குபவர் வந்தார். கரையில் ரோஹே மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"மாலிக் ஜோப் படகு எங்கம்மா?"

"கடலுக்குப் போயிருக்கு. மாமாவும் அப்பாவும் படகுல சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"அடடா. சண்டை எப்ப முடியும்? நான் காத்திருக்கேன்."

ரோஹே அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"காத்திருக்காதீங்க," என்றாள். "அடுத்த தேர்தல் வரைக்கும் முடியாது."