மெட்டியின் எண் எண்பத்தாறு

யங்கோன் நகரின் அலோனில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால், மழைக்காலத்தில் தவளைகூட வழுக்கி விழும் ஒரு சந்தின் கடைசியில் ராஜரத்தினத்தின் வீடு இருக்கிறது. தேக்குக் கால்களின் மேல் ஒன்பதடி உயரத்தில் நிற்கும் பழைய பலகை வீடு. ஒரு திங்கட்கிழமை பிற்பகலில், ஒரு கையில் குடையும் மறு கையில் நீண்ட அட்டைப் பெட்டியுமாக அவர் அந்த வீட்டுப் படியேறினார். பெட்டியின் மேல் 'தண்ணீர் புகாது' என்று அச்சடித்திருந்தது. யங்கோன் மழைக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. பெட்டி பாதி கரைந்திருந்தது. உள்ளே இருந்த மெட்டல் டிடெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராஜரத்தினம் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு முறை கிரேனில் தூக்கிக் கப்பலில் இறக்கிய யானை, திரும்பி நின்று தும்பிக்கையைத் தூக்கித் தமக்கு வணக்கம் வைத்தது என்பார். அந்த யானை சாட்சி சொல்ல வராததால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கருவி வாங்கி வந்தால், புதையலுக்குத்தான் என்று ஊர் நினைக்கும். அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரு துருப்பிடித்த இரும்பு முளை.

பின்பக்கத்துக் கிடங்கை வாங்கியிருந்த சிவராஜ், ராஜரத்தினத்தோடு ஒரே பள்ளியில் படித்தவன். கிணற்றுக்கு இந்தப் பக்கமாகக் கயிறு கட்டி, இதுதான் எல்லை, வெள்ளிக்கிழமை மதில் எழுப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. பழைய மனைப்படத்தில் நான்கு மூலைக்கு நான்கு இரும்பு முளைகள் காட்டியிருந்தன. நான்காவது, கிணற்றைத் தாண்டி எங்கோ மண்ணுக்குள் கிடந்தது. வியாழக்கிழமை அளவுகாரர் வரும்போது அதைக் காட்டாவிட்டால் கிணறு சிவராஜுக்கு. நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத ஊரில் குழாயில் தண்ணீர் ஏறாது. கிணறு போனால் வீடும் போனது மாதிரிதான். பினாங்கில் இருக்கும் மகன் சுந்தர், அதுவும் நல்லதுக்குத்தான், கிளம்பி வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னான். ராஜரத்தினம் அன்றே குடையை எடுத்துக்கொண்டு பபேடான் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.

பபேடானில் பழைய ரேடியோ, கடிகாரம், டார்ச் விற்கும் பர்கத்துல்லாவிடம் மூன்று டிடெக்டர்கள் இருந்தன. ஒன்று, எதைக் கண்டாலும் ஒரே மாதிரி கத்துவது. இன்னொன்று, தங்க வேட்டைக்காரர்கள் வாங்குவது. இரும்பைக் கண்டால் வாயே திறக்காதபடி வைத்திருந்தார்கள். நடுவில் இருந்தது, புதைந்திருக்கும் பொருள் இன்னதென்று எண்ணால் சொல்லும் ரகம். இரும்புக்கு முப்பத்தைந்துக்குக் கீழே, மோதிரத்துக்கு ஐம்பதையொட்டி, வெள்ளிக்கு எண்பதுக்கு மேல். எத்தனை அங்குல ஆழம் என்றும் காட்டும்.

"எல்லாரும் இரும்ப ஒதுக்கித் தரச் சொல்லுவாங்க. இரும்பு வேணும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான் அண்ணே" என்று பர்கத்துல்லா வருத்தப்பட்டார். பிறகு சொல்லியும் கொடுத்தார். கருவியின் அடித்தட்டைத் தரைக்கு இணையாக வைத்து மெதுவாக வீச வேண்டும். மோதிரம், கடிகாரம், போன் எதுவும் பக்கத்தில் கூடாது. ஈர மண்ணில் இன்னும் நன்றாகப் பேசும். ஒரே எண் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் நிலையாக நின்றால் பொருள் உண்மை. தாவிக் குதித்தால் குப்பை.

வீட்டுக்கு வந்ததும் படியடியில் முதல் வீச்சு. கருவியோடு வந்த கம்பியில்லாக் காதுக்கருவியில் 'டிங்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். எண்பத்தாறு. பக்கத்திலேயே இன்னொரு எண்பத்தாறு. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மனைவி விஜயகுமாரி, சேற்றில் வெறுங்காலோடு.

"என் மெட்டியத்தான் கண்டுபிடிச்சிருக்கு. முப்பத்தெட்டு வருசமா அங்கதான் இருக்கு. நீங்க இப்பத்தான் பாக்குறீங்க" என்றாள் அவள்.

தள்ளிப் போ என்று அவளை விரட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இருட்டுவதற்குள் மூன்று முளைகளும் அகப்பட்டன. மூன்றுக்கும் எண் இருபத்திரண்டு. கிணற்றுப் பக்கம் மட்டும் ஆணி, தகரம், சோடா மூடி என்று கருவி பைத்தியம் பிடித்த மாதிரி உளறியது.

செவ்வாய்க்கிழமை மதியம் மழை விட்டிருந்தது. மின்சாரம் போய், கிடங்குகளின் ஜெனரேட்டர்களும் களைத்து ஓய்ந்த நேரம். ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும் காற்றில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ராஜரத்தினம் படியடியிலிருந்து கிணற்றை நோக்கி வீசிக்கொண்டு போனார்.

டிங். எண்பத்தாறு.

டிங். எண்பத்தாறு.

"தள்ளி நில்லுன்னு சொன்னேன்ல விஜயா" என்றார் திரும்பாமலே. பதில் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்புறம்தான், அவள் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஆழம் பத்து அங்குலம். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் ஓர் எட்டு தூரம். எந்தப் பக்கமிருந்து வீசினாலும் எண் அசையவில்லை. மண்வெட்டியை எடுத்தார். பத்து அங்குலம் தோண்டினார், பன்னிரண்டும் தோண்டினார். கரிச்சாம்பல், ஈரம், ஒரு மண்புழு. குழிக்குள் தட்டை விட்டால் கருவி ஊமை. குழிக்கு அப்பால் வைத்தால் டிங்.

ஓர் எட்டு முன்னால்.

ஆழம் எட்டு அங்குலம்.

கருவி பழுது என்று அவர் தீர்மானித்தார். அதே கருவியை மண்வெட்டியின் மேல் வைத்தபோதும், அரிவாளிடம் கொண்டுபோனபோதும் அது ஒழுங்காகத்தான் பேசியது.

சாயங்காலம் விஜயகுமாரியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வேலம்மா, அவருடைய அப்பாவின் அண்ணன் மனைவி. அவர் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் போனவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ஜப்பான் குண்டு விழுந்தபோது தெருவே மூட்டை கட்டிக்கொண்டு அரக்கான் மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தது. 'கிணத்த விட்டுட்டு நான் வர மாட்டேன்' என்று அவள் ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள். பெரியப்பா பாதி வழியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சண்டை முடிந்து சொந்தக்காரர்கள் திரும்பி வந்து பார்த்தபோது வீடு நின்றது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குடங்களில் புதுத் தண்ணீர் இருந்தது. அவள் இல்லை. எலும்புகூடக் கிடைக்கவில்லை.

விஜயகுமாரி குரலைத் தாழ்த்தினாள். "புருசன் செத்தது அவங்களுக்கு யாரும் சொல்லலையே. மெட்டிய யாரு கழட்டுனா?"

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நான் சொல்லிடட்டுமா?" என்று ராஜரத்தினம் கிசுகிசுத்தார்.

"நீங்க முளையத் தேடுங்க. அத அவங்க போட்டுக்கிட்டே இருக்கட்டும்."

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வெயில் அடித்தது. ராஜரத்தினம் லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயந்துகொண்டு மேலே உட்கார்ந்திருந்தால் சிவராஜுக்குக் கிணறு இலவசமாகப் போய்விடும். அந்த நினைப்பு பயத்தைவிட அதிகமாகச் சுட்டது.

நேற்று விட்ட இடத்தில் தட்டை வைத்தார்.

டிங். டிங். ஆறு அங்குலம்.

"யாரா இருந்தாலும் சரி. எனக்கு நாள் இல்ல. நடக்குறதுன்னா நேரா நடங்க" என்றார் மண்ணைப் பார்த்து.

வலது எண் மறைந்தது. முன்னால் வந்தது. இடது எண் மறைந்தது. அதற்கும் முன்னால் வந்தது. அவர் தட்டை வீச வீச, மண்ணுக்கடியில் ஒருத்தி அவசரமில்லாமல், இடுப்பில் குடம் வைத்தவள் நடக்கிற மாதிரி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். ஐந்து அங்குலம். நான்கு. சிவராஜின் கயிற்றைத் தாண்டும்போது கயிறு மெல்ல அதிர்ந்தது.

காற்று இல்லை.

வேப்பமரத்தின் அடியில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஆழம் இரண்டு அங்குலம். அதற்கு மேல் நகரவில்லை. நடுவில், சேர்த்து வைத்த இரண்டு கால்களுக்கு இடையில், வேறொரு குரல். தாழ்ந்த, கரகரத்த குரல்.

இருபத்திரண்டு.

அவர் அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார். சிவராஜின் செங்கல்தான்.

வியாழக்கிழமை மதியம் நகராட்சி அளவுகாரர் டேப்போடு வந்தார். ராஜரத்தினம் தோண்டினார். இரண்டடிக்குக் கீழே முளையின் தலை தெரிந்தது. சிவராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, நேற்று ராத்திரி அடித்த முளை என்றான். அளவுகாரர் குனிந்து சேற்றை வழித்தார். வேப்பமரத்தின் வேர் ஒன்று, மணிக்கட்டுப் பருமன், முளையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. ஒரே ராத்திரியில் அவ்வளவு வளரும் வேர் எங்கே கிடைக்கும் என்று அவர் பர்மியில் கேட்டார். டேப்பைப் பிடித்துப் பார்த்தபோது மற்ற மூன்று முளைகளுக்கும் தூரம் மனைப்படத்தோடு ஒத்திருந்தது.

சிவராஜுக்கு மனம் ஆறவில்லை. "அந்தப் பொம்மைய இங்க குடு ரத்தினம். நீ இன்னும் எத்தன இரும்பப் புதைச்சு வச்சிருக்கேன்னு நான் காட்றேன்" என்று கருவியைப் பிடுங்கி, காதுக்கருவியையும் மாட்டிக்கொண்டு வீசினான்.

டிங்.

சுற்றி நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. சிவராஜின் முகத்தில்தான் கேட்டது. ராஜரத்தினம் திரையை எட்டிப் பார்த்தார். எண்பத்தாறு. ஆழம், சுழியம்.

சிவராஜ் தன் கால்களைப் பார்த்தான். ரப்பர் செருப்பு. ஓர் அடி பின்னால் வைத்தான். எண் கூடவே வந்தது. இன்னோர் அடி வைத்தான். அதுவும் வைத்தது. அவனுக்கும் அதற்கும் நடுவில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர், யாரோ மிதித்த மாதிரி இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்தது.

"ரத்தினம்" என்றான் சன்னமாக. "இங்க யாரு நிக்கிறது?"

"வீட்டுக்காரங்க" என்றார் ராஜரத்தினம்.

சிவராஜ் ஏழு அடி பின்னால் போனான். முளையையும் பழைய எல்லையையும் தாண்டியவுடன் கருவி ஊமையாயிற்று. அவன் அதைப் பூப்போலத் தரையில் வைத்தான். அளவுகாரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது எந்த இடத்தில் என்றுகூடக் கேட்கவில்லை. மாலைக்குள் கயிறும் செங்கல்லும் போய்விட்டன. ஒரு செங்கல் மட்டும் ராஜரத்தினத்திடம் தங்கிவிட்டது. அதை அவன் கேட்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல். நல்ல மழை. விஜயகுமாரியின் மூக்குத்தித் திருகாணி சமையலறையில் விழுந்துவிட்டது. ராஜரத்தினம் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் பலகைத் தரையின் மேல் தட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பின் முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஆணிகள் முனகின. அவள் காலருகில் வந்ததும் டிங், டிங். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வந்தது.

தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

டிங்.

டிங்.

அவர் கை நின்றது. அந்தப் பலகைக்குக் கீழே மண் இல்லை. ஒன்பதடி வெறும் காற்று.

விஜயகுமாரி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "எத்தன?"

"நாலு."

அவள் மணைப்பலகையில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கோப்பையில் லபெயே தேநீர் ஊற்றி, யாருமில்லாத பக்கத்தில், ஆவி பறக்கப் பறக்க வைத்தாள்.

ஜன்னலோரம் வைத்திருந்த போன் அடித்தது. பினாங்கிலிருந்து சுந்தர். ராஜரத்தினம் காதுக்கருவியின் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். டிக்கெட் பார்க்கட்டுமா, எப்போது கிளம்புகிறீர்கள் என்று மகன் கேட்டான்.

"கிணத்த விட்டுட்டு நாங்க வர மாட்டோம்" என்றார் ராஜரத்தினம். "மூணு பேரும் சேர்ந்து முடிவு பண்ணியாச்சு."

மூன்றாவது ஆள் யார் என்று சுந்தர் கேட்டான். கருவி அடுப்படியில், அவர் விட்டு வந்த இடத்தில் யாரும் தொடாமல் கிடந்தது. காதுக்கருவியின் மறுபக்கத்தில் ஒரு டிங் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டும் நின்றன.

பின்வாசல் படியில், இறங்குகிற கால்களின் கனத்துக்கு, ஒவ்வொரு பலகையாகக் கிரீச்சிட்டது. சற்று நேரத்தில் கீழே, மழைக்குள், கிணற்று உருளை சுற்றத் தொடங்கியது.