பேக்கரி முக்கில் நின்ற பைக்

ஜெயபாண்டி வீட்டு வண்டி இன்று ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல், திருநகரின் அந்தத் தெருவில் யாரும் காலைக் காபியைக் குடித்து முடிப்பதில்லை.

மேடு பள்ளத்தில் குதித்து ஓடுவதற்கென்றே செய்த உயரமான பைக் அது. அவனியாபுரத்தில் ஒரு பந்தயக்காரப் பையனிடமிருந்து பழசாக வாங்கியது. ஜெயபாண்டிக்குப் பேரையூர்ப் பக்கத் தோட்டங்களில் போர் மோட்டார் பழுது பார்க்கும் வேலை. ஓடையிலும் வரப்பிலும் போக இதுதான் சரிப்படும் என்று அவர் சொன்னார். அதைப் பற்றி வண்டி என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற சங்கதியெல்லாம் அதில் கிடையாது. கிக்கரை மிதிக்க வேண்டும். ஜெயபாண்டி மிதிப்பார். சட்டை நனையும்வரை மிதிப்பார். எதிர்வீட்டு மாடியில் பட்டாபிராமன் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

“என்ன ஜெயபாண்டி, இன்னிக்கும் அதுக்கு மனசு சரியில்லையா?”

“இப்பக் கிளம்பிரும் சார்.”

“நேத்திக்கும் இதையேதான் சொன்னேள்.”

தெருக்கூத்து தெருவோடு போயிருந்தால் ஜெயபாண்டியின் மகள் ரோகிணி கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவள் ஆறாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில், எல்லாரும் வெளியே வரும் நேரமாகப் பார்த்து அந்த பைக் நின்றுவிட்டது.

அப்பா மிதித்தார். கிக்கர் ‘கடக்’ என்றது. மறுபடியும் மிதித்தார். சட்டை இடுப்பைவிட்டு வெளியே வந்தது. ஐஸ் வாங்கிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொரு மிதிக்கும் ‘ஐலசா’ போட்டார்கள்.

“யாருடி அது, ரோட்டுல எக்சர்சைஸ் பண்றது?” என்று பவதாரிணி கேட்டாள். அவள் ரோகிணியின் வகுப்புக்குப் புதிதாக வந்தவள். யாருக்கு யார் அப்பா என்று இன்னும் தெரியாது.

ரோகிணியின் வாய் தானாகவே திறந்தது.

“தெரியலையே.”

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு ஹெல்மெட் கண்ணாடியை முகத்தின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டார். நிற்கிற வண்டிக்குக் கண்ணாடி எதற்கு?

பவதாரிணியின் ஆட்டோ போகும்வரை ரோகிணி சுவரோரம் நின்றாள். வாசல் காலியான பிறகுதான் வண்டி கிளம்பியது.

“ஏறிக்க பாப்பா” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் சொன்னார். “சாயங்காலம் கேட்டுக்கிட்ட ஒரே கூட்டமா இருக்கு பாப்பா. நான் பேக்கரி முக்குல நிக்கிறேன். நீ அங்கன வந்துரு.”

“சரிப்பா.”

பேக்கரி முக்கில் அப்பா நின்றார். அந்த வெயிலிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையில் அவளுக்காகத் தேங்காய் பன் வைத்திருந்தார். திட்டியிருந்தால் ஒருமூச்சு அழுதுவிட்டுப் போயிருக்கலாம். பன் வாங்கிக் கொடுக்கிறவரை என்ன செய்வது?

ரோகிணியின் முகம் வாடியிருப்பதைத் தெரு கவனித்தது. கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்றது ஒரு வீடு. பல்வலி என்றது இன்னொரு வீடு. பல்வலிக்குக் கிராம்புகூட வந்து சேர்ந்தது. உண்மையை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குக் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். ரோகிணி வாசலுக்கு வந்து பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா தாமரைச்செல்வி நிலைப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ம்மா, நான் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா?”

“உங்கப்பாவாலயே முடியல. உன்னைத் தூக்கி மாடியில போட்டுரும்.”

“ஒரே தடவைம்மா.”

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கீரையை ஒதுக்கிவைத்தாள். “ஷூவைப் போட்டுட்டு வா. நான் பிடிச்சுக்கிறேன். கியர் விழுந்திருக்கான்னு முதல்ல பாரு.”

ரோகிணி சாவியைத் திருப்பி, அப்பா மாதிரியே கோபமாக மிதித்தாள். கிக்கர் திருப்பி அடித்தது. மண்ணில் உட்கார்ந்தாள்.

எதிர் மாடியில் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. முதுகெல்லாம் கண்கள் வந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. அப்பாவுக்குத் தினமும் இப்படித்தானே இருந்திருக்கும்?

“அடி பட்டுதாம்மா?” என்றார் பட்டாபிராமன்.

“இல்ல மாமா.”

எழுந்து, இந்தத் தடவை இரண்டு காலையும் கிக்கர்மேல் வைத்து ஏறி நின்றாள். அது கொஞ்சம் இறங்கி, இறுக்கமாக நின்றுவிட்டது. பஸ் படியில் நிற்பதுபோல அவள் அதன்மேல் நின்றாள்.

“ம்மா, இதுக்கு மேல எறங்க மாட்டேங்குது.”

“சோறு ஒழுங்காத் தின்னாத்தான கனம் இருக்கும்.”

ரோகிணி இறங்கவில்லை. சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில், பிடிவாதக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டுச் சம்மதிப்பதுபோல, கிக்கர் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அந்த இறுக்கம் தாண்டிவிட்டது. அதை மேலே வரவிட்டு, முழு மூச்சோடு ஒரு மிதி மிதித்தாள்.

டப். டப். டப்டப்டப்.

அப்பா லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “யாரு கிளப்புனது?”

“நான்தான்ப்பா. நீங்க அவசரமா மிதிக்கிறீங்க. ஒரு இடத்துல அது இறுகி நிக்கிது. அதை மெதுவாத் தாண்டவிட்டுட்டு, அப்புறமா மிதிக்கணும்.”

அப்பா வண்டியை அணைத்தார். அவள் சொன்னபடி மிதித்தார். கிளம்பியது. மறுபடி அணைத்து, மறுபடி மிதித்தார். அதுவும் கிளம்பியது. சின்னப் பையனைப்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரோகிணிக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

“ப்பா, அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல நான்...”

“வண்டிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல பாப்பா.”

அன்று வண்டி ஊமையாகத்தான் நின்றது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“நாளைக்கு கேட்டுக்கு வாங்கப்பா.”

“முக்குலயே நிக்கிறேனே.”

“கேட்டுக்கு வாங்க.”

வந்தார். வாசலுக்கு வந்ததும் வண்டி நின்றது, அது அப்படித்தான். ஐஸ் பையன்கள் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

“ஏய், அந்த எக்சர்சைஸ் அங்கிள்டி” என்றாள் பவதாரிணி.

ரோகிணி தோளிலிருந்து பையைக் கழற்றினாள். காதும் கன்னமும் எரிந்தன.

“அவர் எங்கப்பா” என்றாள்.

“அன்னைக்குத் தெரியலைன்னு சொன்ன?”

“பொய் சொன்னேன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடி.”

அப்பாவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அவர் ஹெல்மெட்டையே கழற்றிவிட்டார். இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ரோகிணி கிக்கர்மேல் ஏறினாள்.

ஐலசா. கிளம்பவில்லை.

மறுபடி ஏறினாள். காத்திருந்தாள். கிக்கர் தாழ்ந்தது. மேலே வரவிட்டு, மிதித்தாள்.

வண்டி போட்ட சத்தத்தில் ஒரு பையனின் ஐஸ் குச்சியைவிட்டுக் கீழே விழுந்தது. பவதாரிணி பையை மார்போடு கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அங்கிள், நானும் ஒரு தடவை மிதிக்கட்டா?”

அவளுக்குப் பின்னால் ஐஸ் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வரிசை கட்டினார்கள்.

அம்புட்டுப் பாடுபட்டுக் கிளம்பிய வண்டியை, ஜெயபாண்டி தன் கையாலேயே அணைத்தார்.